வாசலில் நின்று எண்ணிய பாம்புக்கடி: ஒரு குறுக்குவெட்டு ஆய்வை மட்டக்களப்பிலிருந்து வாசித்தல்

இலங்கையில் ஓராண்டில் எத்தனை பேரைப் பாம்பு தீண்டுகிறது? இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாக வைத்தியசாலைப் பதிவேடுகள்தாம் பதில் சொல்லி வந்தன. அந்தப் பதிலில் யாரெல்லாம் இல்லை என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். விஷக்கடி வைத்தியரிடம் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர் அதில் இல்லை. தீண்டியது தண்ணீர்ப் பாம்புதான் என்று தானே முடிவுகட்டி, இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு விடிந்ததும் வயலுக்குப் போனவர் இல்லை. வழியிலேயே உயிர் போனவரும் வார்டுக் கணக்கில் சேரமாட்டார். மறுபுறம், மகிழடித்தீவு போன்ற ஒரு பிரதேச வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, பின்னர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும் ஒருவர் இரண்டு அனுமதிகளாகப் பதிவாகலாம். பதிவேடு எண்ணுவது படுக்கைகளில் சேர்ந்தவர்களை. ஊரில் தீண்டப்பட்டவர்களை எண்ண வேண்டுமானால் ஊருக்குள்தான் போக வேண்டும்.

அப்படிப் போன ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்திய தேசியப் பாம்புக்கடிக் கணக்கெடுப்பு அது. 2012 ஆகஸ்ட் தொடங்கி 2013 ஜூன் வரை நடந்தது. முடிவுகள் 2016 இல் வெளியாயின. சுகாதாரத் துறை மாணவர்களுக்குக் குறுக்குவெட்டு ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விளக்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு மக்கள்கூட்டத்தின் மாதிரியிடம் போய், நோயையும் அதனோடு தொடர்புடைய விபரங்களையும் ஒரே தடவையில் கேட்டுப் பதிவதுதான் குறுக்குவெட்டு ஆய்வு. யாரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதில்லை. ஆகவே எந்த வாசலில், எந்த நாளில், எந்தக் கேள்வியோடு நின்றார்கள் என்பதே அதன் பலத்தையும் எல்லையையும் முடிவு செய்கிறது. இந்த ஆய்வையும் அந்த மூன்றையும் வைத்தே இங்கே வாசிக்கிறேன்.

எண்ணிய விதமும் கிடைத்த எண்களும்

நாட்டின் 14,022 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளிலிருந்து 1,118 பிரிவுகள் தெரிவு செய்யப்பட்டன. அவற்றில் 1,65,665 பேரைப் பற்றிய தகவல் திரட்டப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் இது 0.8 சதவீதம். வகுத்துப் பார்த்தால் ஒரு பிரிவுக்குச் சராசரியாக 148 பேர், அதாவது ஏறத்தாழ நாற்பது வீடுகள்.

கிடைத்த வீதங்கள் இவை. ஒரு இலட்சம் பேருக்கு ஓராண்டில் 398 பாம்புக்கடிகள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை வீதம் இருக்கக்கூடிய வரம்பு, 356 முதல் 441 வரை. உடலில் கணிசமாக விஷமேறியவை 151. இடைவெளி 130 முதல் 173 வரை. மரணங்கள் 2.3, இடைவெளி 0.2 முதல் 4.4 வரை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 3 இலட்சத்து 60 ஆயிரம். பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 81 ஆயிரம் கடிகள், 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட விஷமேற்றங்கள், 470 அளவில் மரணங்கள்.

இந்த மூன்று எண்களையும் செய்திகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அவற்றின் உறுதி ஒன்றல்ல. கடிகளின் இடைவெளி நெருக்கமானது. மையத்திலிருந்து இருபுறமும் பத்தில் ஒரு பங்குதான் விலகுகிறது. மரணத்தின் இடைவெளியை ஆட்கணக்காக மாற்றினால் நாடு முழுவதற்கும் நாற்பது மரணங்களிலிருந்து தொள்ளாயிரம் வரை போகும். காரணம் எளிது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் கேட்டும், பாம்புக்கடி மரணம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே அகப்படும். மிக அரிதாக நிகழ்வதை அளக்கக் குறுக்குவெட்டு ஆய்வு உகந்த கருவியல்ல. மரண எண்ணிக்கைக்கு இந்த ஆய்வை மட்டும் ஆதாரம் காட்டுபவர் அந்த இடைவெளியையும் சேர்த்தே காட்ட வேண்டும். உயிர்கள் பற்றிய கணக்கில் இதைத் தவிர்ப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

மட்டக்களப்புக்கு எத்தனை கடி?

மாதிரி ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. மாகாணத்துக்குள் மாவட்டங்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கப்பட்டது. இது கிழக்கு மாகாணத்துக்கு நன்மையான முடிவு. மேல் மாகாணத்தில் 58 இலட்சம் பேர், கிழக்கில் 15 இலட்சத்து 50 ஆயிரம் பேர். மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பங்கிட்டிருந்தால் நம் பக்கம் வந்த வீடுகள் மிகக் குறைந்திருக்கும். சமப் பங்கீட்டில் மாகாணத்துக்கு ஏறத்தாழ 18,400 பேர் கிடைக்கிறார்கள். அதன் விலை, நாட்டுச் சராசரியைக் கணிக்கும்போது ஒவ்வொரு மாகாணத்துக்கும் உரிய நிறையைக் கொடுத்தாக வேண்டும் என்பது. கிழக்கில் ஒருவர் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு மேல் மாகாணத்தவருடையதைப் போல நான்கு மடங்குக்குக் கிட்ட இருக்கும்போது, எல்லாரையும் ஒரே எடையில் கூட்டினால் கணக்குச் சாய்ந்துவிடும்.

அந்த வடிவமைப்பை மட்டக்களப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். 2012 இல் இம்மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். மாகாணத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நமக்கு வரக்கூடியது சுமார் 42 பிரிவுகள், 6,200 பேர். நாட்டுச் சராசரி வீதமே இங்கும் இருந்தால் அந்த 6,200 பேரில் எதிர்பார்க்கக்கூடிய கடிகள் 25. இருபத்தைந்து என்ற எண்ணின் இயல்பான ஊசலாட்டம் 16 முதல் 37 வரை. வீதமாகச் சொன்னால் இலட்சத்துக்கு 260 இலிருந்து 590 வரை எதுவும் இருக்கலாம். ஒரே ஊரார் ஒரே மாதிரியான வயலில், ஒரே மாதிரியான வீட்டில் இருப்பதால், பிரிவு பிரிவாகக் கொத்தாக எடுத்த மாதிரியில் இந்த இடைவெளி இன்னும் அகலும்.

நாட்டுக்கு நெருக்கமான எண்ணைத் தரும் அதே ஆய்வு மாவட்டத்துக்கு வரும்போது தளர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். அதனால்தான் ஆய்வாளர்கள் மாவட்ட எண்களை வெறுமனே வகுத்துக் கொடுத்துவிடாமல், அண்டைக் கொத்துகளின் தகவலையும் துணைக்கு எடுத்துக்கொள்ளும் புவியியல் புள்ளியியல் முறையால் அபாய வரைபடம் தயாரித்தார்கள். நாட்டுச் சராசரியை மட்டக்களப்பின் மக்கள்தொகையால் பெருக்கி ஆண்டுக்கு 2,090 கடிகள் என்று எழுதுவது எளிது. ஆனால் நாட்டுக்குள் இடத்துக்கு இடம் பெரும் வேறுபாடு உண்டு என்பதே அந்த ஆய்வின் முக்கிய முடிவுகளில் ஒன்று. அந்தப் பெருக்கல் அதையே மறுக்கிறது.

இங்கே மாணவர் ஆய்வுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதிரி அளவு 384 என்ற எண்ணை அவற்றில் அடிக்கடி காண்கிறோம். ஐம்பது சதவீத அளவில் உள்ள ஒன்றை ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக அளக்கவே அந்த எண் பிறந்தது. 384 பேரிடம் பாம்புக்கடி பற்றிக் கேட்டால் எதிர்பார்க்கக்கூடியது ஒன்றரைக் கடி. ஐந்தில் ஒரு தடவை ஒரு கடிகூட அகப்படாது. அப்போது இக்கிராமத்தில் பாம்புக்கடி இல்லை என்று எழுதப்படும். எழுதியவர் வாய்ப்பாட்டைச் சரியாகவே போட்டிருப்பார்.

பன்னிரண்டு மாதம் என்ற கேள்வி

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றில் இன்று எத்தனை பேரிடம் நோய் இருக்கிறது என்று கேட்பது பொருளுடையது. பாம்புக்கடி நீடிக்கும் நிலையல்ல, அது ஒரு சம்பவம். ஆய்வு நாளன்று விஷத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே ஆய்வாளர்கள் கடந்த பன்னிரண்டு மாதங்களைக் கேட்டார்கள். வடிவம் குறுக்குவெட்டு, அளந்தது நிகழ்வு வீதம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும். ஆனால் பாரம் முழுவதும் வீட்டாரின் நினைவின் மீது ஏறிவிடுகிறது.

நினைவு இரண்டு பக்கமும் வழுவும். விஷமேறாத சிறு கடி மறந்துபோகும். உயிருக்குப் போராடிய கடியோ நேற்று நடந்ததாகத் தோன்றும். பதினைந்து மாதத்துக்கு முந்தியதையும் இந்த ஆண்டுக்குள் இழுத்து வந்துவிடும். இதற்கு மருந்து நாட்காட்டித் தேதியல்ல. ஊரின் சொந்தக் காலக்கணக்குத்தான். இங்கே ஓர் ஆய்வாளர் கேட்க வேண்டிய முறை இது: வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்கு முன்னா பின்னா? மாமாங்கத் தீர்த்தத்துக்கு எத்தனை நாள் இருந்தது? கொக்கட்டிச்சோலைத் தேருக்கு முந்தியா? முஸ்லிம் ஊர்களில் நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் வைத்துக் கேட்கலாம். அவை ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்நகர்வதால், எந்த ஆண்டின் பெருநாள் என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். விதைப்பு, அறுவடை எல்லாருக்கும் பொது. 2011 ஜனவரியில் தொடங்கிய பெருவெள்ளம் இம்மாவட்டத்தில் எவரும் மறக்க முடியாத எல்லைக்கல்.

அந்த வெள்ளத்தால் இன்னொன்றும் விளங்குகிறது. கணக்கெடுப்பில் முதலில் கேட்கப்பட்ட வீடுகளின் பன்னிரண்டு மாதம் 2011 ஆகஸ்டில் தொடங்குகிறது. கடைசியாகக் கேட்கப்பட்ட வீடுகளுக்கு அது 2012 ஜூனில் தொடங்குகிறது. வெள்ளக் காலத்தில் பாம்புகள் மேடு தேடி வீடுகளுக்குள் வருகின்றன என்று இங்கே எல்லாரும் சொல்வது உண்மையா, எவ்வளவு உண்மை என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் பதில் கிடையாது. அந்த வெள்ளம் அதன் சாளரத்துக்கு வெளியே இருந்தது.

பதினொரு மாதம் பரவலாகக் களத்தில் நின்றது ஆய்வின் பெரிய நற்பண்பு. எல்லா வீடுகளையும் ஒரே மாதத்தில் கேட்டிருந்தால், அண்மைய பருவத்துக் கடிகள் தெளிவாகவும் பழையவை மங்கலாகவும் வந்திருக்கும். பரவிக் கேட்டதால் அதே தரவிலிருந்து மாதவாரிப் படமும் பின்னர் எடுக்க முடிந்தது. நவம்பர், டிசம்பரில் உச்சம், அடுத்து மார்ச் முதல் மே வரை, பிறகு ஆகஸ்ட். பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் அறிந்தவர் இந்த மாதங்களைப் பார்த்ததும் வயலை நினைப்பார். நினைக்கலாம். ஆனால் மழை, பாம்பின் இனப்பெருக்கம், மனிதர் வயலில் நிற்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒரே மாதங்களில் கூடி நிற்கின்றன; எது எவ்வளவு என்று இந்த எண்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

திறக்காத கதவு

வீடு வீடாகப் போகும் ஆய்வில் எனக்கு அதிக கவலை தருவது பூட்டிய வீடு. படுவான்கரை வயல்களில் போகத்தின்போது வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தங்குபவர்கள் உண்டு. காவலுக்கும் தண்ணீர் கட்டவும் இரவில் அங்கேயே படுக்கிறார்கள். தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் இரவில் தீண்டுவது நன்கு அறியப்பட்டது. இருளில் வரம்பில் நடப்பவருக்குக் கண்ணாடி விரியனால் ஆபத்து. அதாவது, மிக அதிக ஆபத்தில் இருப்பவர்தான் ஆய்வாளர் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இல்லாதவர். பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைச் சேர்த்துக்கொண்டால் மாதிரி எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆபத்துக் குறைந்தவர்களால் நிறைந்துவிடும். மாலையில் மீண்டும், வேறொரு நாளில் மீண்டும் போவதற்கு மாற்று இல்லை.

மரணத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. தீண்டப்பட்டு இறந்தவரைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஒருவர் மிஞ்சியிருக்க வேண்டும். தனியாக வாழ்ந்த முதியவர் இறந்தால் அந்த வீடே கணக்கிலிருந்து போய்விடுகிறது. உழைப்பவர் இறந்த பின் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணை அந்தப் பிரிவில் எவரும் தேடமாட்டார்கள்.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். ஊரறிந்த குடும்பநல உத்தியோகத்தரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வந்து கேட்டால் கதவு உடனே திறக்கும். ஆனால் முதலில் விஷக்கடி வைத்தியரிடம் போனோம் என்பதைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். ‘ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை’ என்று கேட்காமல், ‘முதலில் எங்கே போனீர்கள், பிறகு எங்கே’ என்று வரிசையாகக் கேட்டால் போதும். காயத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் வைத்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு போ என்ற அறிவுரையை நேர்காணல் முடிந்த பின்னரே சொல்ல வேண்டும். முன்னர் சொன்னால் எல்லா விடைகளும் அதைப் பார்த்தே வரும். சொல்லாமலே திரும்பி வருவது அறமல்ல.

கடி அந்தக் கரையில், வீடு இந்தக் கரையில்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே நெருங்கிய குடியிருப்புகள், மேற்கே வயல்கள். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள குடும்பங்கள் ஏராளம். வீட்டை அடிப்படையாகக் கொண்ட எந்தக் கணக்கெடுப்பிலும் இவர்களின் கடி எழுவான்கரையில் பதிவாகும். அம்பாறைக் கரையோரத்திலும் இதே நிலைதான். நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ வீடு, உட்பகுதியில் வயல்.

இது சிறு நுணுக்கம் அல்ல. தீண்டப்பட்டவரின் முதல் ஒரு மணி நேரம் எந்த வீதியில், எந்த வைத்தியசாலையை நோக்கிக் கழிகிறது என்பதைக் கடிபட்ட இடமே முடிவு செய்கிறது. விஷமுறிவு மருந்தும் அதைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடுபவர் வீட்டு முகவரி வரைபடத்தை வைத்துத் திட்டமிட்டால், மருந்து வாவியின் தவறான கரையில் போய் இருக்கும். ‘எந்த இடத்தில் தீண்டியது’ என்ற ஒரேயொரு கேள்வி இதைத் தீர்க்கும்.

எத்தனை குப்பி மருந்து தேவை என்பதற்கும் வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்து நேரடி விடை வராது. இங்கே பயன்படுத்தப்படும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கானது. இலங்கையில் பலரைத் தீண்டும் குழிவிரியனின் விஷத்துக்கு அது பயன் தராது. எது தீண்டியது என்று ஓராண்டுக்குப் பின் திண்ணையில் கேட்டு நம்பகமாக அறிய முடியாது. அதற்கு வைத்தியசாலைப் பதிவும், கொண்டுவரப்படும் பாம்புகளை இனங்காண்பதுமே வழி.

சப்பாத்து கடிக்குக் காரணமா?

குறுக்குவெட்டு ஆய்வில் மிகப் பெரிய வழுக்கல் இங்கேதான். எண்களைக் கற்பனையாக வைத்து விளக்குகிறேன். ஆயிரம் விவசாயிகள். ஆண்டின் தொடக்கத்தில் 100 பேரிடம் முழங்கால் வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து உண்டு. 900 பேரிடம் இல்லை. சப்பாத்து அணிபவர்களில் 2 சதவீதத்தினரும் அணியாதவர்களில் 4 சதவீதத்தினரும் கடிபடுகிறார்கள் என்று கொள்வோம். அதாவது சப்பாத்து ஆபத்தைப் பாதியாக்குகிறது. கடிபட்டவர்கள் முறையே 2 பேரும் 36 பேரும். பட்டவர் பயப்படுவார், அந்த 36 பேரில் 18 பேர் பிறகு சப்பாத்து வாங்குகிறார்கள்.

ஆண்டு முடிவில் ஆய்வாளர் வருகிறார். ‘சப்பாத்து இருக்கிறதா, கடந்த ஆண்டு பாம்பு தீண்டியதா’ என்று இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறார். சப்பாத்து உள்ளவர்கள் 118; அவர்களில் கடிபட்டோர் 20, அதாவது 17 சதவீதம். இல்லாதவர்கள் 882, கடிபட்டோர் 18, அதாவது 2 சதவீதம். பாதுகாத்த சப்பாத்து எட்டு மடங்கு ஆபத்தாகக் காட்சியளிக்கிறது. கணினி இதற்கு மிகச் சிறந்த புள்ளியியல் முக்கியத்துவத்தையும் கொடுக்கும். மாதிரியைப் பத்தாயிரமாகப் பெருக்கினாலும் இந்தப் பிழை குறையாது; இன்னும் உறுதியாகப் பிழையாகும்.

எது முந்தியது என்பது தெரியாதபோது நேருவது இதுதான். ‘கடிபட்ட வேளையில் காலில் என்ன இருந்தது’ என்று கேட்டால் கடிபட்டவர் பக்கம் சரியாகும். கடிபடாதவருக்கு அப்படியொரு வேளை இல்லை. ஆகவே கடிபட்டவர் ஒவ்வொருவருக்கும், அதே நாளில் அதே வயற்கண்டத்தில் வேலை செய்து கடிபடாமல் வந்த ஒருவரைத் தேடி, அந்த நாளைப் பற்றி இருவரையும் கேட்க வேண்டும். அது வேறு வகை ஆய்வு. குறுக்குவெட்டுக் கணக்கெடுப்பு அதற்கான ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த அளவில் அது பெரும் உதவி. எல்லாக் காரியங்களிலும் இந்தக் குழப்பம் வராது. வயது, பால், பிறந்த ஊர் ஆகியவை கடிபட்ட பின் மாறுவதில்லை. அவற்றை ஒப்பிடுவதில் தயக்கம் தேவையில்லை.

இம்மாவட்டத்தில் செய்வதானால்

உலகச் சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடி விஷமேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்னுரிமையோடு சேர்த்தது. 2030 க்குள் மரணத்தையும் ஊனத்தையும் பாதியாக்குவது 2019 இல் வைக்கப்பட்ட இலக்கு. பாதியாக்கியதை அறிய முதலில் இருந்ததை அறிய வேண்டும். மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் உரிய கணக்கு அதற்குத் தேவை.

மாவட்டம் முழுவதற்கும் உண்மை வீதத்துக்கு இருபது சதவீதம் முன்பின்னாக வர வேண்டுமானால், நாட்டுச் சராசரியை வைத்துக் கணித்தாலே 24 ஆயிரம் பேர் வேண்டும். கொத்து மாதிரிக்காக ஒன்றரை மடங்கு கூட்டினால் 36 ஆயிரம். ஏறத்தாழ 9 ஆயிரம் வீடுகள். தனி மாணவர் ஒருவரால் ஆகாது. கேள்வியை வயல் செய்பவர்களுக்கு மட்டும் சுருக்கி, அவர்களிடையே ஆண்டுக்கு நூற்றுக்கு இருவர் கடிபடுவதாக ஊகித்தால் 4,700 பேராகக் குறையும். கொத்துக்காக 7 ஆயிரம். கமநல சேவை நிலையங்களின் விவசாயிகள் பட்டியலிலிருந்து தொடங்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பவர் காணிக்காரர். கூலிக்கு அறுப்பவரும் வாடியில் காவல் இருப்பவரும் அதில் வராமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு காணிக்காரரிடமும் அந்தப் போகத்தில் அவருடைய வயலில் இறங்கியவர்கள் யார் என்று கேட்டு, அவர்களையும் தேடிப் போக வேண்டும். மரணங்களுக்கு மாதிரி வேண்டாம்: பிரதேச செயலகங்களின் இறப்புப் பதிவுகளையும் திடீர் மரண விசாரணை அதிகாரிகளின் பதிவுகளையும் முழுமையாக எண்ணி, கிராம உத்தியோகத்தரிடம் சரிபார்த்தால் போதும். வீட்டுக் கணக்கெடுப்பு கடிகளுக்கு, பதிவேடு மரணங்களுக்கு, வைத்தியசாலை பாம்பினத்துக்கு என்று மூன்றையும் தனித்தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

களத்துக்கு இறங்கும் நாள் தை அறுவடை முடிந்த பின் இருந்தால் வாடியிலிருந்தவர்கள் பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பார்கள். பெரும்போகக் கடிகளும் நினைவில் பசுமையாக இருக்கும். சிறுபோகத்தில் தண்ணீர் இல்லாத கண்டங்களின் விவசாயிகளுக்கு அந்த மாதங்களில் ஓரளவு நேரமும் உண்டு.